கப்பு பாயும் நல்ல பிள்ளைக் கோப்பையும்

வாசலுக்கு வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புவதில் கப்பு பாயை மிஞ்சிய கடைக்காரர் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் கிடையாது. அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போய்த் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

பாயின் உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரிக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு நிற்கும் அவருடைய கடை. உள்ளே தரையிலிருந்து கூரை வரை கோப்பைகள், ஷீல்டுகள், மெடல்கள். அவற்றுக்கு நடுவில், ஜெயித்த மாதிரியும் இல்லாமல் தோற்ற மாதிரியும் இல்லாமல், வெள்ளைத் தாடியோடு பாய். தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள் எல்லாருக்குமே அவர் கப்பு பாய்தான். ஊரில் மூன்று மொழிக்காரர்களும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது என் முடி கறுப்பாக இருந்தது. கணவர் சிப்காட்டில் ஷிப்ட் சூப்பர்வைசர். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கிற நாள் எப்போதாவது வரும். அன்றைக்குத் துணி துவைப்போம். எங்கள் பள்ளியில் பாடம் நடத்துவது போக ஒவ்வொரு டீச்சருக்கும் ஒரு உபரி வேலை உண்டு. ஒருவருக்கு வேன், ஒருவருக்குக் கேன்டீன். எனக்கு ஆண்டு விழாப் பரிசுகள். அதனால் வருஷா வருஷம் கப்பு பாயிடம் போய் நிற்கவேண்டியது என் தலையெழுத்தாயிற்று.

மற்ற ஊர்களில் ஷீல்டு வாங்குவது எளிது. பெயரைச் சொன்னால் அடித்துக் கொடுப்பார்கள். பாய் அப்படியில்லை. பெயரைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, ‘இவரு என்ன பண்ணாரு?’ என்று கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால்தான் எழுத்துப் பொறிக்கிற மெஷினை ஆன் செய்வார்.

ஒருமுறை நான் கடையில் இருக்கும்போதே ஒரு ஃபேக்டரியிலிருந்து எச்.ஆர். பையன் ஒருவன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு போன்.

‘பெஸ்ட் எம்ப்ளாயின்னு அடிக்கணும் பாய். அர்ஜென்ட்.’

‘அடிச்சிரலாம் சார். இவரு என்ன பண்ணாரு?’

‘மூணு வருஷமா லீவே எடுக்கலைங்க.’

பாய் மெஷினிலிருந்து கையை எடுத்தார். ‘மூணு வருஷமாவா? அவரு வூட்ல ஒரு கல்யாணம் காட்சி, ஒரு சாவு, ஒண்ணும் நடக்கலையா?’

‘அதெல்லாம் நமக்கெதுக்கு பாய்?’

‘மாமியார் செத்ததுக்குக்கூட போகாத மனுசன்னா, வூட்ல அவரைப் பத்தி இன்னா நெனச்சிக்கினு இருப்பாங்கோ? அந்த வூட்ல கொண்டுபோய் இந்த ஷீல்டை வச்சா தினமும் சண்டை வரும் சார்.’

கடைசியில் ‘லீவு எடுக்காதவர்’ என்று அடித்துக் கொடுத்தார். எச்.ஆர். பையன் அதை வெறித்துப் பார்த்தான். நேரமில்லாததால் எடுத்துக்கொண்டு ஓடினான். அந்தத் தொழிலாளி அதற்கப்புறம் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டு வந்ததாக என் கணவர் சொன்னார். அவர் வேலை பார்க்கிற ஃபேக்டரிதான் அது.

இன்னொரு நாள் வந்தவர் வீட்டுமனை விற்பவர். தனக்குத் தானே ‘சமூக சேவைச் செம்மல்’ என்று ஷீல்டு வேண்டும் என்றார். பாய் கேட்டார், ‘எந்த சமூகத்துக்குங்க?’ அவர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். ஆனால் அடுத்த கடை அப்போது கிருஷ்ணகிரியில்தான் இருந்தது. வெயிலை யோசித்துத் திரும்பி வந்துவிட்டார். பாயும் மனமிரங்கி அடித்துக் கொடுத்தார். பெயரைப் பெரிதாகப் போட்டு, ‘சமூக சேவைச் செம்மல்’ என்பதை மாத்திரை அட்டையில் எக்ஸ்பயரி தேதி போடுகிற அளவுக்கு அடித்திருந்தார்.

‘முழுப் பொய்யா அடிக்க மனசு வரல டீச்சர்’ என்றார் என்னிடம். ‘அதான் சின்னதா அடிச்சிட்டேன்.’

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் ஆண்டு விழாவுக்குக் கோப்பைகள் வாங்கவேண்டும். கணக்கில் முதல், அறிவியலில் முதல், கையெழுத்தில் முதல், மாறுவேடத்தில் முதல். ஒவ்வொரு பெயருக்கும் பாய்க்குச் சாட்சி சொல்லியாகவேண்டும். வகுப்பில் நின்றால் கால் வலிக்கும், பாய் கடையில் நின்றால் தலை வலிக்கும். இரண்டும் சேர்ந்து வருகிற பிப்ரவரி மாதத்தை நான் வெறுத்தேன்.

அப்படி ஒரு பிப்ரவரியில் நான் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கடைக்குள் வந்தாள். ஏதோ ஃபேக்டரியின் நீலக் கோட்டு, ஷிப்ட் முடிந்த களைப்பு, தலையில் வலைத்தொப்பியின் அச்சு இன்னும் போகவில்லை. ‘ஒரு கப்பு வேணும்ங்க, சின்னதா’ என்றாள்.

‘யாருக்கும்மா?’

‘எங்க பையனுக்கு. ஸ்கூல்ல எல்லாப் புள்ளைங்களும் வாங்கிக்கினு வருதுங்க. இவனுக்கு ஒருக்காகூட குடுக்கல. ராத்திரி அழுவறான். நாமளே வாங்கிக் குடுத்துரலாம்னு வந்தேன்.’

நான் பாயைப் பார்த்தேன். போச்சு, இந்தப் பெண்ணிடமும் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டேவிட்டார்.

‘பையன் என்ன பண்ணாம்மா?’

அந்தப் பெண் யோசித்தாள். அவமானப்படவில்லை; உண்மையாகவே யோசித்தாள். பிறகு, ‘நான் ஷிப்ட்டுக்குப் போனா தம்பியப் பாத்துக்குவானுங்க. சோறு ஊட்டி, தூங்க வச்சிருவான்’ என்றாள்.

சின்னக் கோப்பை கேட்டவளுக்கு, பாய் அலமாரியின் மேல்தட்டில் இருந்த பெரிய கோப்பையை ஏணி போட்டு எடுத்தார். ‘தம்பியை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு’ என்று பளிச்சென்று பெரிய எழுத்தில் அடித்தார். பணம் வாங்க மறுத்தார். அவள் அதைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனாள்.

அவள் போனபிறகு என் பட்டியலை மறுபடி எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். ‘டீச்சர், இதுல நல்ல புள்ளைக்கு ஒண்ணு இல்லியே?’

‘எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான் பாய்’ என்றேன். எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும்.

‘மார்க் எடுக்கற புள்ள வேற டீச்சர். இத்தினி வருசமா கப்பு விக்கிறேன். நல்ல புள்ளைக்குன்னு கேட்டு ஒரு ஸ்கூல்கூட வந்ததில்ல. நானும் கேக்கல பாருங்க.’

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு இந்தப் பைத்தியம். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, ஒரு கோணிப்பையில் மாதிரிக் கோப்பை ஒன்றைப் போட்டுக்கொண்டு, மொபெட்டில் பள்ளி பள்ளியாகப் போக ஆரம்பித்தார். மாதம் ஒரு முறை நல்ல குணத்துக்காக ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பாராட்டுங்கள், வருஷக் கடைசியில் ஒரு கோப்பை கொடுங்கள், கோப்பை என் செலவு என்பதுதான் அவருடைய திட்டம். கேட்பதற்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது! ஆனால் கோணிப்பையோடு வருகிற தாடிக்காரர் இலவசமாக எதையோ கொடுக்கிறேன் என்றால் எந்த ஹெட்மாஸ்டர் நம்புவார்?

ஓசூரில் பாதிப் பள்ளிகளில் வாட்ச்மேனே ‘சார் மீட்டிங்ல இருக்காரு’ என்று அனுப்பிவிட்டார். தளியில் ஒரு பள்ளியில் நன்கொடை கேட்டு வந்தவர் என்று நினைத்து, டீயும் பன்னும் கொடுத்து, ‘ஹோகி பன்னி’, போய்வாருங்கள் என்று கன்னடத்தில் அன்பாக வழியனுப்பினார்கள். கிருஷ்ணகிரியில் இதற்கு நேர்மாறு. இவரை மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்த ஹெட்மாஸ்டர், பிள்ளைகளை எழுப்பி வணக்கம் சொல்ல வைத்து, கழிவறைக்குத் தண்ணீர் வந்துகொண்டிருப்பதை நேரில் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். நாகரசம்பட்டியில் மாம்பழ சீசன். வேண்டாம் வேண்டாம் என்று சொன்னபிறகும் ஒரு கூடை மாம்பழத்தை மொபெட்டில் கட்டி அனுப்பினார்கள். திட்டத்தை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

‘ஏங்க, ஊரைத் திருத்தறதுக்கு முன்னாடி மொபெட்டுக்கு பிரேக்கைத் திருத்துங்க’ என்பார் அவர் மனைவி. அந்தம்மாவின் குரலில் இருந்த சலிப்பு எனக்கு ரொம்பவும் சொந்தமானதாகத் தோன்றும்.

கடைசியில் பாய் எங்கள் பள்ளிக்கு வந்தார். எங்கள் தாளாளர், அதாவது பள்ளியின் சொந்தக்காரர், பாராட்டினால் இங்கிலீஷில் பாராட்டுவார், கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவார். சம்பள உயர்வு பற்றிக் கேட்டால் அவருக்கு எந்த மொழியும் வராது. பாய் பேசி முடித்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி: ‘ஃப்ரீயா?’

‘ஃப்ரீதாங்க.’

‘எக்ஸலென்ட்!’

மறுநாளே பள்ளி வாசலில் ‘நற்பன்பின் நாற்றங்கால்’ என்று ஒரு பேனர் தொங்கியது. அட்மிஷன் நேரம் பாருங்கள். பேனரில் தாளாளர் கைகூப்பிக்கொண்டு நின்றார். மூன்று சுழி வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி. தமிழ் டீச்சர் வேலை பார்க்கிற பள்ளி வாசலில்! தாளாளரிடம் சொன்னேன். ‘பண்பு இருந்தா போதும் மேடம், சுழி எதுக்கு’ என்றார். பிறகு, ‘ஒழுக்கமெல்லாம் தமிழ் சப்ஜெக்ட்தானே, நீங்களே பாத்துக்குங்க’ என்று திட்டத்தை என் தலையில் வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் எங்கள் பள்ளியில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொட்டாவி வருகிறது.

முதல் வாரத்திலேயே நேர்மை தொற்றுநோய் மாதிரி பரவிவிட்டது. கீழே கிடந்தது என்று பேனா, பென்சில், ரப்பர், ஒற்றைச் செருப்பு என்று என் மேஜையில் வந்து குவிந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘டீச்சர், இந்த டிபன் பாக்ஸ் கிடந்துச்சு’ என்று கொண்டுவந்தான். மூடியில் அவன் பெயரே எழுதியிருந்தது. இன்னொருவன் தன் அப்பாவின் பர்ஸையே கொண்டுவந்து ஒப்படைத்தான். அவன் அப்பா அன்று பெங்களூர் டோல்கேட்டில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்.

ஏழாம் வகுப்பில் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்துகொண்டு, ஒருவன் போட ஒருவன் எடுக்க, முறை வைத்து நடத்தினார்கள். வகுப்பு வாசலில் ‘நீ முன்ன போ’ ‘இல்ல, நீ முன்ன போ’ என்று விட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றதில் முதல் பீரியட் நடக்கவேயில்லை. யு.கே.ஜி.யில் ஒரு குழந்தை தடுக்கி விழுந்துவிட்டது. தூக்கிவிட ஓடிவந்தவர்கள் மோதியதில் இன்னும் நான்கு குழந்தைகள் விழுந்தன.

பெற்றோர்கள் இன்னொரு பக்கம். எஞ்சினியர் ஒருவர் வந்து, நற்பண்புக்கு சிலபஸ் எங்கே, மாதிரி வினாத்தாள் எங்கே என்று கேட்டார். ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்கலங்கினாள். ‘மேடம், என் பையன் எல்லாத்துலயும் நைன்டிக்கு மேல. இந்த நற்பண்புல மட்டும் கொஞ்சம் வீக்குன்னு சொல்றாங்க. டியூஷன் ஏதாச்சும் இருக்குங்களா?’ இருந்தது. பக்கத்துத் தெரு டியூஷன் சென்டர்க்காரர் அபாகஸுக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷுக்கும் கீழே நற்பண்பையும் போர்டில் சேர்த்துவிட்டார். அவர் மூன்று சுழி சரியாகப் போட்டிருந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

நான் பாய் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். ‘எல்லாம் நடிப்பு பாய். ஒண்ணுகூட உண்மை இல்ல. என்னால முடியல, நிறுத்திடலாம்.’

‘நடிக்கட்டும் டீச்சர். பேனாவைத் திருப்பிக் குடுத்துக் குடுத்துக் கை பழகிக்கும்ல? திருடிப் பழகறதுக்கு இது தேவலை.’

‘சரி, யாருக்குத்தான் கோப்பை குடுக்கறது? எல்லாரும் என் எதிர்லதான் நல்லவங்களா இருக்காங்க.’

பாய் தாடியைத் தடவினார். ‘அப்போ நீங்க பாக்காதீங்க. யாரு முன்னாடி புள்ளைங்க நடிக்காதுங்களோ அவங்களக் கேளுங்க. பெருக்கற ஆயாம்மா, வேன் டிரைவரு. அவங்ககிட்ட நல்ல பேரு வாங்கி என்ன ஆகப்போகுதுன்னு புள்ளைங்களுக்குத் தெரியும்.’

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் தானே வந்து, ஆயா கனகம்மாவிடமும், வேன் டிரைவர் முருகேசனிடமும் பேசினார். இருவரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பு நந்தினி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நந்தினியின் குரல் மூன்று வகுப்புத் தள்ளிக் கேட்கும். சண்டைக்குப் போகாத நாள் இல்லை. வாத்தியார் சொன்னால் எதிர்ப்பேச்சு. ‘அந்த வாயாடியா?’ என்றேன்.

‘வாயாடிதாங்க’ என்றார் முருகேசன். ‘வேன்ல ஒண்ணாங்கிளாஸ் பொடியன் ஒருத்தன் வர்றானில்ல, பிட்டு, ஒடிசாக்காரங்க புள்ள. தினமும் வாந்தி எடுப்பானுங்க. ஒரு புள்ள பக்கத்துல உக்காராது. இந்தப் பொண்ணுதான் உக்காந்து, கவரைப் புடிச்சிக்கினு, வாயத் தொடச்சி வுட்டு இட்டுக்கினு வரும். போன ஜூன்லருந்து.’

‘திட்டிக்கினே பண்ணும்’ என்றார் கனகம்மா. ‘“வாந்தி எடுக்கறவன் காலையில ஏன்டா பூரி தின்ன?”ன்னு கேட்டுக்கினே தொடைக்கும். அவனை எவனாச்சும் இந்திக்காரான்னு கிண்டல் பண்ணா, அன்னிக்கு அவன் சட்டைல பட்டன் இருக்காது.’

நந்தினியின் சண்டைகளில் பாதிக்குக் காரணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பாய் அன்றைக்கே ஒரு கோப்பையைத் துடைத்துத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

ஆனால் தாளாளர் வேறு முடிவு செய்திருந்தார். ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் ஒரு கிரானைட் குவாரி முதலாளி. பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்ட உதவுவார் என்று எதிர்பார்ப்பு. அவருடைய பேரன் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு. நற்பண்புக் கோப்பை அவனுக்கு.

நானே பாயிடம் போய்ச் சொல்லவேண்டியதாயிற்று. அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

‘நல்ல பையன் பாய். ஒரு வம்பு தும்புக்குப் போகமாட்டான். யாரையும் ஒண்ணும் சொல்லமாட்டான்.’

‘சரிங்க டீச்சர். என்ன பண்ணான்?’

‘ஒண்ணும் பண்ணல பாய்!’

‘அதத்தான் நானும் கேட்டேன்.’

நான் கெஞ்சினேன். எங்கள் பள்ளி ஆர்டர்தான் அவருக்கு வருஷத்திலேயே பெரியது. அது கையைவிட்டுப் போனால் கடை தாங்காது என்று எனக்குத் தெரியும். சின்ன எழுத்திலாவது அடியுங்கள் என்றேன். பாய் மெஷினைத் துணி போட்டு மூடினார். அவர் முகத்தில் அப்படி ஒரு களைப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

‘வீட்டுமனைக்காரருக்கு அடிச்சேன் டீச்சர். அவரு பெரியவரு, ஏமாந்தா அவரு பாடு. இது சின்னப் புள்ளைங்க. எல்லாத்துக்கும் தெரியும் யாரு என்னன்னு. மேடையில பொய்யக் கொடுத்தா, நல்லவங்களா இருக்கறதே சும்மா ஒரு டிராமான்னு நெனச்சிரும்ங்க. அதுக்கு நான் இதை ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம்.’

உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். ‘வுடுங்க டீச்சர். இந்த மனுசன் அடிச்சாலும் அப்புறம் தூங்கமாட்டாரு. அவரு தூங்கலன்னா நானும் தூங்க முடியாது’ என்றார்.

விஷயம் கேட்டதும் தாளாளர் தெலுங்குக்கு மாறினார். ‘மனக்கெந்துகண்டி ஈ தலநொப்பி?’ நமக்கு எதற்கு இந்தத் தலைவலி என்று அர்த்தம். மொத்த ஆர்டரும் பெங்களூருக்குப் போயிற்று. கோப்பைகள் வந்தன. யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக நான் ஆசைப்பட்ட நிம்மதி அதுதான். ஏனோ அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆண்டு விழாவில் குவாரி முதலாளியின் பேரன் கோப்பையை வாங்கினான். பாவம், அவன் முகமே சுண்டிப்போயிருந்தது. கைதட்டச் சொல்லி மைக்கில் இரண்டு முறை கேட்டபிறகு கைதட்டினார்கள்.

விழா முடிந்து வேன்கள் நிற்கிற இடத்துக்கு வந்தேன். அங்கே கோணிப்பையோடு பாய் நின்றிருந்தார். பக்கத்தில் கனகம்மா, முருகேசன். வேன் ஜன்னல்களிலெல்லாம் பிள்ளைகளின் தலைகள். நந்தினியைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். ஏதோ புகார் வந்துவிட்டது என்று நினைத்து அவள் சண்டைக்குத் தயாராக நின்றாள்.

‘ஆயாம்மா, நீங்க குடுங்க’ என்றார் பாய். கனகம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கோப்பையை வாங்கி நந்தினியிடம் நீட்டினார். முருகேசன் கைதட்டுவதற்குப் பதிலாக வேன் ஹாரனை விடாமல் அடித்தார். பின்னால் நின்ற வேன்காரர்கள் காரணம் தெரியாமலே அவர்களும் அடித்தார்கள்.

நந்தினி கோப்பையைத் திருப்பிப் படித்தாள். ‘வாந்தி எடுக்கும் பையன் பக்கத்தில் தினமும் உட்கார்ந்ததற்கு.’

‘என்ன பாய் இது!’ என்று கத்தினாள். பாகலூர் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். ‘வாந்தின்னு அடிச்சி வச்சிருக்கீங்க! இதை எப்படி வீட்ல வைக்கறது? வர்றவங்கல்லாம் சிரிப்பாங்க. சிறந்த மாணவி, அந்த மாதிரி எதாச்சும் அடிச்சிக் குடுங்க!’

பாய் திகைத்துப்போனார். அவர் அடித்ததை வாங்க மறுத்த வாடிக்கையாளர்கள் உண்டு. பரிசு வாங்கியவரே மறுத்தது இதுதான் முதல் தடவை. ‘உண்மையத்தானேம்மா அடிச்சேன்’ என்று முனகினார். பிறகு கையை நீட்டி, ‘சரி குடு, மாத்தித் தரேன்’ என்றார். பாய் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி நான் கேட்டதேயில்லை.

அப்போது வேனுக்குள்ளிருந்து பிட்டு இறங்கி ஓடிவந்தான். அவனுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் ‘வாந்தி’ தெரியும்; இந்த ஊரில் அவன் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் அது. நந்தினி சத்தம் போட்டது காதில் விழுந்திருக்கிறது. கோப்பையில் இருந்த எழுத்துகளைச் சின்ன விரலால் தொட்டு, ‘வாந்தி... நான்! அது நான்!’ என்றான். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்து, ‘கப்புல நான்! நான்!’ என்று குதித்தான். அவ்வளவு சந்தோஷத்தை அன்று மேடையில் யார் முகத்திலும் நான் பார்க்கவில்லை.

நந்தினி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நீட்டியிருந்த பாயின் கையைப் பார்த்தாள். கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

‘சரி வுடுங்க பாய். இருந்துட்டுப் போவட்டும்’ என்றாள். ‘டேய், ஏறுடா வேன்ல. இன்னிக்கு இன்னா தின்ன?’

வேன் போனபிறகும் பாய் அங்கேயே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் கண்ணில் கொஞ்சம் தூசி விழுந்துவிட்டது. ஓசூர் ரோடுகளில் தூசிக்குப் பஞ்சமா?

அடுத்த வருஷம் எங்கள் பள்ளியில் திட்டம் இல்லை. பேனர் மட்டும் அதே சுழியோடு தொங்குகிறது. பாய் கடையில் பாதி இடத்தைச் செல்போன் ரிப்பேர்க்காரருக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டார். நடுவில் தளியில் ஒரு அரசுப் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ் இவர் சொன்னதைக் கேட்டு, கோப்பை கீப்பை ஒன்றும் வேண்டாம், மாதம் ஒரு நாள் காலைப் பிரேயரில் ஒரு பிள்ளையின் பெயரையும் அது செய்த காரியத்தையும் தமிழிலும் கன்னடத்திலும் படித்துச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். அதைக் கேட்பதற்கென்றே பாய் மாதாமாதம் குளிரில் மப்ளர் கட்டிக்கொண்டு தளி பஸ் ஏறிவிடுவார். தன் வியாபாரத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார்.

போன மாதம் அவருக்கு முட்டியில் ஆபரேஷன். நானும் என் கணவரும் துணி துவைக்கிற நாளை விட்டுக்கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலை நீட்டிப் படுத்திருந்த பாய், நலம் விசாரிக்கக்கூட விடாமல் என்னை அருகில் கூப்பிட்டார். ‘டீச்சர், இந்த வார்டு நர்ஸம்மா பேரைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. அந்தக் கடைசி பெட் கிழவருக்கு வெத்தலை இடிச்சிக் குடுக்குது. டாக்டருக்குத் தெரியாம. எனக்கு உடனே மெஷின் பக்கம் போவணும்.’

நர்ஸைத் தேடி இரண்டு மாடி ஏறி இறங்கினேன். கால் வலித்தது. அவர் சீக்கிரம் எழுந்து நடக்கட்டும். இந்த ஊரில் எனக்கு அலுக்காத ஒரே தொந்தரவு அவர்தான்.